ஆகாறும் போகாறும்

வலிமை குறைந்த ஒன்றினிடம் அதன் வலிமைக்கு மீறிய பணியை நாம் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்த்தபின் அது தளர்ந்து நின்றால் குறை யாருடையது? அதன் வலிமையைப் பெருக்குவது நம் கடமையா, நம் தேவையைச் சுருக்குவது நம் கடமையா, அன்றி அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றைத் தேடுவதுதான் அறிவுடைமையா? இவ்வினாக்கள் மிகப் பழையவை. நாடாளும் அரசனும், வீடாளும் தலைவியும், வகுப்பாளும் ஆசிரியரும் தத்தம் நிலையில் இவற்றை எதிர்கொண்டே வந்துள்ளனர்.

ஆயினும், அறவினாக்கள் அறநூல்களில் மட்டுமே எழுவன அல்ல. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த பட்டறையில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் மின்னூட்ட அமைப்பைத் திருத்தி வலுப்படுத்த முனைகின்ற ஒருவரின் முன்னும் அவை வந்து நிற்கின்றன. பட்டறையில் எழும் அறவினாவிற்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. அதனைச் சொல்லால் மழுப்ப இயலாது. மின்னழுத்தமானி காட்டுகின்ற எண்ணை எந்த நாவன்மையாலும் மாற்றிவிட முடியாதன்றோ? எனவே, அந்தப் பொறியையே சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

வளர்ந்த தேவையின் வரலாறு

நம் சாலைகளில் அன்றாடம் காணும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையே ஓடுபவை. நெடும்பயண மோட்டார் சைக்கிள் வேறு இனத்தது. இருவரையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் ஓடுவதற்காக வடிக்கப்பட்டது அது. அவ்வினத்தில் உலகப் புகழ் பெற்றது ஜப்பானிய ஹோண்டா நிறுவனத்தின் 'கோல்ட் விங்'. 1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1975ஆம் ஆண்டு வடிவமாக விற்பனைக்கு வந்தது 'ஜிஎல் 1000' என்னும் அதன் முதல் வண்டி. 999 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, கிடையாக எதிரெதிரே அமைந்த நான்கு உருளைகள், நீரால் குளிர்விக்கும் ஏற்பாடு, சங்கிலிக்கு மாற்றாகச் சுழல்தண்டு ஆகியவை அதன் சிறப்புகள்.

அவ்வண்டியில் கருதத்தக்க ஓர் அமைப்பு இருந்தது. எரிபொருள் தொட்டி இருக்கைக்குக் கீழே வைக்கப்பட்டது. வழக்கமாகத் தொட்டி அமையும் இடத்தில் ஒரு போலித் தொட்டி இருந்தது. அதனுள்ளே, மின்கலம் ஓய்ந்துபோனால் காலால் உதைத்து இயந்திரத்தைக் கிளப்புவதற்கான நெம்புகோல் ஒன்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் ஒருநாள் கைவிடக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் செய்த முன்னேற்பாடு அது. சில ஆண்டுகளில் அந்த நெம்புகோல் மறைந்தது. நம்பிக்கை வளர வளர முன்னேற்பாடு குறைவது உலகியற்கை போலும்.

முதல் வண்டியில் காற்றைத் தடுக்கும் முகப்போ, பொருள் வைக்கும் பெட்டிகளோ இல்லை. வாங்கியவர்களே அவற்றைத் தேடிப் பொருத்திக்கொண்டனர். அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் வடிவமைத்த 'விண்ட்ஜாமர்' முகப்பு அவ்வாறு பலராலும் விரும்பிப் பொருத்தப்பட்டது. மக்கள் விருப்பத்தைக் கண்ட ஹோண்டா, 1980ஆம் ஆண்டின் 'ஜிஎல் 1100' வரிசையில் முகப்பையும் பெட்டிகளையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்னர் வானொலி வந்தது; ஒலிநாடா வந்தது; கூடுதல் விளக்குகள் வந்தன. 1984இல் 'ஜிஎல் 1200', 1988இல் ஆறு உருளைகளுடன் 'ஜிஎல் 1500', 2001இல் 'ஜிஎல் 1800' என வரிசை நீண்டது.

இவ்வளர்ச்சியை மின்னாற்றல் கணக்கில் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். முதல் வண்டியின் மின்னாக்கி ஏறத்தாழ 300 வாட் தந்தது. 'ஜிஎல் 1200' ஏறத்தாழ 360 வாட் தந்தது. 'ஜிஎல் 1500' 540 வாட்டைத் தாண்டியது. 'ஜிஎல் 1800' 1,100 வாட் அளவுக்கு உயர்ந்தது. இக்கால் நூற்றாண்டில் இயந்திரத்தின் கொள்ளளவு 999இலிருந்து 1,832 கன சென்டிமீட்டருக்கு உயர்ந்தது. அஃதாவது இரு மடங்கைக்கூட எட்டவில்லை. மின்னாக்கமோ மூன்றரை மடங்கைக் கடந்துவிட்டது. மனிதன் விரைந்து செல்ல விரும்பியதைவிட, செல்லும் வழியில் வசதியாக இருக்கவே மிகுதியும் விரும்பினான் என்பதை இவ்வெண்கள் சொல்லாமல் சொல்கின்றன.

இப்பொழுது 1984ஆம் ஆண்டு வண்டி ஒன்றை இன்று ஓட்டுபவரை எண்ணிப் பாருங்கள். குளிர்நாட்டுப் பயணத்தில் அவர் அணியும் மின்வெப்ப மேலங்கி ஒன்றே எழுபது எண்பது வாட் கேட்கிறது. கையுறைகள் இருபது வாட்டுக்கு மேல் கேட்கின்றன. பின்னிருப்பவருக்கும் அவ்வாறே வேண்டும். முன்விளக்கு 55 அல்லது 60 வாட். வழிகாட்டும் கருவி, கைப்பேசி, கூடுதல் விளக்குகள் ஆகியவை தனி. இவற்றுள் பல அவ்வண்டி பிறந்தபோது பரவலாக வழக்கில் இல்லாதவை. 1984இன் வரவைக் கொண்டு இன்றைய செலவைச் செய்யச் சொல்கிறோம். ஒருநாள் அது இயலாமல் நிற்கும்போது, "பழைய வண்டி, பழுதாகிவிட்டது" என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம்.

பொறி இயங்கும் முறை

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். ஆதலின் அம்மின்னூட்ட அமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருங்கக் காண்போம்.

இயந்திரம் சுழலும்போது அதனோடு நிலைக்காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்றும் சுழல்கிறது. அதனருகே அசையாது நிற்கும் கம்பிச்சுருளில், பட்டறையில் 'ஸ்டேட்டர்' என்று வழங்குகிற அதில், மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. மூன்று கம்பிகள் வழியே அது 'ரெகுலேட்டர்' எனப்படும் சீராக்கிக்குச் செல்கிறது. சீராக்கி அதனை ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக்கி, அழுத்தம் 14, 14.5 வோல்ட் அளவைத் தாண்டாமல் காத்து, மின்கலத்திற்கும் விளக்குகளுக்கும் அனுப்புகிறது. முழுமையாக நிரம்பிய மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போதும் மானி 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால், வரவு போதவில்லை என்றும் சேமிப்பிலிருந்து செலவு நடக்கிறது என்றும் பொருள்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலைக்காந்தத்தின் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இயந்திரம் விரைந்து சுழன்றால் அது மிகுதியாக ஆக்கிக்கொண்டே இருக்கும். தேவைக்கு மிஞ்சியதை என்ன செய்வது? பழைய வகைச் சீராக்கி, மிஞ்சிய நேரத்தில் கம்பிச்சுருளின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. மின்னோட்டம் பயனெதுவும் தராமல் சுருளுக்குள்ளேயே சுற்றி வெப்பமாகிறது. ஆகவே விளக்குகளை எரித்தாலும் அணைத்தாலும் கம்பிச்சுருள் ஏறக்குறைய முழுச்சுமையையே சுமக்கிறது. அதற்கு ஓய்வென்பதே இல்லை. ஆண்டுகள் பல இவ்வாறு வெந்து, கம்பியின் மேற்பூச்சு கருகி, ஒருநாள் அது மாய்கிறது.

நான்கு உருளைகள் கொண்ட கோல்ட் விங் வண்டிகளில் இச்சுருள் இயந்திரத்தின் பின்புறத்து மூடிக்குள் இருக்கிறது. அதனை மாற்ற வேண்டுமானால் இயந்திரம் முழுவதையும் சட்டகத்திலிருந்து இறக்க வேண்டும். சிறிய கம்பிச்சுருள் ஒன்றற்காக வண்டியையே பிரித்துப் போட வேண்டிய நிலை. 1988ஆம் ஆண்டு வடிவத்தில்தான் ஹோண்டா கார்களில் உள்ளது போன்ற தனி மின்னாக்கியை வைத்து, இயந்திரத்தை இறக்காமலே கழற்றி மாற்ற வழி செய்தது.

குறை யாருடையது?

இனி விசாரணைக்கு வருவோம். வண்டி வழியில் நின்றுவிட்டது. குற்றவாளி யார்? வடித்தவரா, காலமா, உடையவரா?

வடித்தவருக்கு ஒரு பங்கு உண்டு. எட்ட முடியாத இடத்தில் ஒரு பகுதியை வைப்பவர், அதனைப் பின்னாளில் பழுது பார்ப்பவரின் உழைப்பை எண்ணவில்லை. ஆனால் அவர் தம் காலத்துத் தேவைக்குப் போதிய அளவு கொடுத்தார் என்பதையும் மறுத்தல் ஆகாது. நாற்பதாண்டுக்குப் பின் எவர் எதைப் பொருத்துவார் என்று அவர் எங்ஙனம் அறிவார்? காலத்திற்கும் ஒரு பங்கு உண்டு. செம்பு கறுக்கும், நெகிழி நொறுங்கும். ஆயினும் பெரும்பங்கு உடையவருடையதே. பொருளின் அளவை அறிந்து பயன்படுத்தும் பொறுப்பு, அறிவுள்ள ஒருவரிடத்தில்தான் இருக்க முடியும். பொறிக்கு வாயில்லை. "இனிச் சுமக்க இயலாது" என்று அது முறையிடாது. வாயற்றதன் மேல் சுமையேற்றுபவருக்கு, அதற்காகவும் சேர்த்துச் சிந்திக்கும் கடமை வந்துவிடுகிறது.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்' என்பதை ஆசிரியர்கள் அறிவர். பொருட்பாலில், அரசனுக்குரிய அறிவாகச் சொல்லப்பட்டது அது. மென்மையான மயிற்பீலியேயாயினும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தும், வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தும் அவ்வதிகாரத்திலேயே ஒருங்கே அமைந்துள்ளன. வண்டியைப் பற்றிய உவமையும் வரவு செலவைப் பற்றிய அறிவுரையும் ஒரே அதிகாரத்தில் நிற்பது எண்ணி வியக்கத்தக்கது. ஒவ்வொரு சிறு கருவியும் ஒரு மயிற்பீலிதான். எந்தப் பீலி அச்சை முறித்தது என்று எவராலும் சுட்ட முடியாது. எல்லாப் பீலிகளையும் ஏற்றிய கை ஒன்றே என்பதை மட்டும் சுட்ட முடியும்.

முதற் கடமை: அளந்தறிதல்

வலியறிதல் என்பது முதலில் அளந்தறிதல். பழைய வண்டி மின்னூட்டத்தில் தளரும்போது, பெரிய மின்னாக்கியை வாங்க ஓடுபவர் பலர். அனுபவம் மிக்கவரோ முதலில் இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பார். கம்பிச்சுருளிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகள் ஒரு நெகிழி இணைப்பானில் கூடுகின்றன. பழைய வண்டிகளில் அவ்விணைப்பான் கறுத்து உருகியிருப்பது பலர் கண்ட உண்மை.

ஏன் உருகுகிறது? கணக்கு எளிது. வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி வருவது. களிம்பேறிய இணைப்பில் பத்தில் ஓர் ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் 20ஐ 20ஆல் பெருக்கி, அதனை 0.1ஆல் பெருக்க 40 வாட் வருகிறது. பற்றாசு வைக்கும் சூட்டுக்கோல் ஒன்றின் வெப்பம் அவ்வளவுதான். விரல் நுனியளவு இடத்தில் ஒரு சூட்டுக்கோலை நாள்தோறும் வைத்தால் நெகிழி என்னாகும்? பழுதுபார்ப்பவர் அவ்விணைப்பானை வெட்டியெறிந்து, கம்பிகளை நேரே பற்றாசு வைத்து இணைத்துவிடுகிறார். செலவு சிறிது, பயன் பெரிது. ஆக்கும் ஆற்றல் குறைந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டியிருந்தபோது, உண்மையில் ஆக்கியது வழியிலேயே எரிந்துகொண்டிருந்தது.

இதிலுள்ள அறம் தெளிவு. ஒருவரைத் திறமையற்றவர் என்று முடிவு செய்யுமுன், அவர் திறமை நம்மை வந்தடையும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் மாணவனுக்கு உண்மையில் கண்பார்வைக் குறை இருக்கலாம். இணைப்பைச் சோதிக்காமல் ஆற்றலைப் பழிப்பது அறிவுக்குறை, அறக்குறையும் ஆகும்.

மூன்று வழிகள்

இணைப்புகள் யாவும் நன்றாயிருந்தும் வரவு போதவில்லையெனின் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி செலவைச் சுருக்குதல். இழைவிளக்குகளை நீக்கி ஒளியுமிழ் விளக்குகளைப் பொருத்தலாம். 21 வாட் கேட்ட நிறுத்த விளக்கு மிகச் சிறிய அளவோடு அமைதி கொள்ளும். மின்கலத்திற்கு இது பெரும் உதவி. சாலைச் சந்திப்பில் இயந்திரம் மெல்ல ஓடும்போது, வரவு மிகக் குறைந்த அந்நேரத்தில், சேமிப்புக் கரையாமல் காக்கும். ஆனால் முன்னர்ச் சொன்னதை நினைவுகூர்தல் வேண்டும். பழைய வகைச் சீராக்கி இருக்கும்வரை, சிக்கனத்தால் மிஞ்சியதும் கம்பிச்சுருளுக்குள்ளேயே வெப்பமாகிவிடும். அஃதாவது, சிக்கனம் மின்கலத்தைக் காக்கும், சுருளைக் காக்காது. நாம் மிச்சம் பிடித்தது உழைப்பவனுக்கு ஓய்வாகவில்லை. சிக்கனத்தை ஓர் அறமாகப் போற்றுகின்ற நமக்கு இது சிந்தனைக்குரிய பாடம். சிக்கனத்தின் பயன் உழைப்பவரைச் சென்றடையும் வண்ணம் அமைப்பு இருந்தாலன்றி, சிக்கனம் மட்டும் அவரைக் காப்பாற்றாது.

இரண்டாம் வழி அவ்வமைப்பையே திருத்துதல். தொடர் வகைச் சீராக்கி என்று ஒன்றுண்டு. மிஞ்சிய நேரத்தில் இது முனைகளை இணைப்பதற்கு மாறாகச் சுற்றைத் திறந்துவிடுகிறது. அப்பொழுது சுருளில் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. தேவையான அளவே சுருள் சுமக்கிறது. எஞ்சிய நேரம் குளிர்ந்திருக்கிறது. ஜப்பானின் சிந்தென்கென் நிறுவனம் செய்யும் இவ்வகைச் சீராக்கிகளைப் பழைய வண்டிகளில் பொருத்துவோர் பலர். ஆற்றல் ஒரு வாட்டும் கூடவில்லை. ஆயினும் ஆயுள் கூடுகிறது. முதல் வழியோடு இவ்வழி சேரும்போதுதான் சிக்கனம் முழுப்பயன் தருகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. சுற்றுத் திறந்திருக்கும்போது சுருளின் முனைகளில் மின்னழுத்தம் மிக உயரும். முன்னரே நைந்துபோன மேற்பூச்சு அதனைத் தாங்காமற் போகலாம். விலையில்லாத சீர்திருத்தம் எங்கும் இல்லை.

மூன்றாம் வழி வரவைப் பெருக்குதல். 'ஜிஎல் 1200' வண்டியின் உரிமையாளர்கள் சிலர், சிறு கார்களிலோ உழவு இயந்திரங்களிலோ உள்ள மின்னாக்கியை இயந்திரத்தின் முன்புறம் பொருத்தி, வார்ப்பட்டையால் சுழலச் செய்கின்றனர். அதற்கு இடம் காண முகப்பின் கீழ்ப்பகுதியைச் சிறிது வெட்டுகின்றனர். பழைய கம்பிச்சுருளின் மூன்று கம்பிகளையும் பிரித்துத் தனித்தனியே காப்பிட்டு, அதனை உள்ளேயே அமைதியாக இருக்க விட்டுவிடுகின்றனர். இயந்திரத்தை இறக்க வேண்டியதில்லை. இவ்வகை மின்னாக்கியில் நிலைக்காந்தத்திற்கு மாறாக மின்காந்தம் இருப்பதால், தேவைக்கேற்ப ஆக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மிஞ்சியதை எரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. மிகுதியாக ஆக்கி எரிப்பதினும், வேண்டுமளவே ஆக்குவது உயர்ந்த நெறி.

மூன்றனுள் எது சிறந்தது? வரிசையே விடை. முதலில் செலவைப் பார். அடுத்து அமைப்பைப் பார். அதன் பின்னரே வரவைப் பார். வரிசையை மாற்றி முதலிலேயே வரவைப் பெருக்குபவர், உருகிய இணைப்பான் வழியே மேலும் மின்சாரத்தைப் பாய்ச்சித் தீயைத்தான் வளர்ப்பார்.

எழும் தடைகள்

இதுவரை சொன்னவற்றுக்கு மூன்று தடைகள் எழலாம்.

முதல் தடை மரபைப் போற்றுவோருடையது. "பகுதிகளை மாற்றினால் அது பழைய வண்டியாகுமா?" என்பர். கிரேக்க அறிஞர் புளூட்டார்க், தீசியசின் கப்பலைப் பற்றி இதே வினாவைப் பதிவு செய்துள்ளார். மட்கிய பலகைகளை ஒவ்வொன்றாக ஏதென்சு மக்கள் மாற்றி வந்தனர். இறுதியில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர். பௌத்த நூலான 'மிலிந்த பன்ஹா'வில் நாகசேனர், தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று மன்னனை வினவி, அவற்றுள் எதுவும் தேரன்று என்றும், அவை கூடிய நிலையில் வழங்கும் பெயரே தேர் என்றும் உணர்த்துகிறார். பயணத்துக்கென்று பிறந்த வண்டிக்குப் பயணமே அடையாளம். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கு ஒவ்வோர் ஆணியும் வரலாறு. அதனைத் தொடாதிருப்பதே அறம். சாலையில் ஓடும் வண்டிக்கோ, ஓடாமல் நிற்பதே அடையாளக் கேடு.

எனினும் மரபைப் போற்றுவோரின் அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. மாற்றுபவர் தமக்குப் பின் வருவோரையும் எண்ண வேண்டும். மீட்க முடிந்த மாற்றம், மீட்க முடியாத மாற்றத்தினும் மேலானது. சீராக்கியை மாற்றினால் பழையதை மீண்டும் பொருத்தலாம். வெட்டிய முகப்பை ஒட்ட முடியாது. எந்தக் கம்பியை எங்கே மாற்றினோம் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். எழுதி வைக்காத திருத்தம், அடுத்த தலைமுறைக்குப் புதிர். அடுத்து வருபவர் எவர் என்று நாம் அறியோம். அறியாத ஒருவருக்காகச் செய்யும் இச்சிறு உழைப்பில் அறத்தின் தூய வடிவத்தைக் காணலாம்.

இரண்டாம் தடை ஆசையைப் பற்றியது. "வரவைப் பெருக்கினால் செலவும் பெருகும், பின் எங்கே நிற்பது?" என்பர். ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவன்சு, 1865இல் வெளியிட்ட 'நிலக்கரிப் பிரச்சினை' என்னும் நூலில், எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொறிகள் வந்தபின் எரிபொருள் செலவு குறைவதற்கு மாறாகப் பெருகுகிறது என்று எடுத்துக்காட்டினார். கோல்ட் விங் வரலாறும் அதனையே காட்டுகிறது. 300 வாட் போதாது என்றவர்க்கு 360 வந்தது. 360 போதாது என்றவர்க்கு 540 வந்தது. அதுவும் போதவில்லை என்று, அவ்வண்டியிலும் இன்னும் பெரிய மின்னாக்கியைப் பொருத்துவோர் உள்ளனர். மேலும், மின்சாரம் வானிலிருந்து இறங்குவதன்று. 500 வாட் கூடுதலாக ஆக்க இயந்திரம் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறனைக் கூடுதலாக ஈந்தாக வேண்டும். அதன் விலை எரிபொருளில் இருக்கிறது.

இத்தடை வலிமையானதே. இதற்கு விடை, எல்லையை மின்னாக்கியிடம் கேட்காமல் பயணத்திடம் கேட்பதாகும். "என்னால் எவ்வளவு ஆக்க முடியும்?" என்று தொடங்குபவர்க்கு முடிவில்லை. "இப்பயணம் பாதுகாப்பாக அமைய எவ்வளவு வேண்டும்?" என்று தொடங்குபவர்க்கு ஒரு முடிவுண்டு. இருளில் பாதையைக் காட்டும் விளக்கும், கடுங்குளிரில் கைவிரல் மரத்துப்போகாமல் காக்கும் வெப்பமும் தேவைகள். பிறர் கண் கூச அணியணியாய் எரியும் விளக்குகள் தேவையல்ல. தேவைக்கு எல்லை உண்டு. காட்சிக்கு எல்லை இல்லை.

மூன்றாம் தடை நடைமுறையாளருடையது. "இத்துணைத் தொல்லை எதற்கு? புதியது வாங்கிவிடலாமே?" என்பர். சில வேளைகளில் இது சரியான அறிவுரையே. சட்டகம் துருப்பிடித்துவிட்ட வண்டியில் மின்னாக்கியை மட்டும் புதுப்பிப்பது தன்னையும் பிறரையும் ஏமாற்றுவதாகும். உயிருக்கு இடர் தருகின்ற பழைமையை உணர்ச்சியின் பெயரால் காத்தல் அறமாகாது. ஆனால் பிற யாவும் செம்மையாக இருக்க, ஓர் உறுப்பின் தளர்ச்சிக்காக முழுவதையும் எறிதல் நன்றி மறத்தலாகும். பொறிக்கு நன்றி உண்டா என்று கேட்கலாம். பொறிக்கு வேண்டியதில்லை; நமக்கு வேண்டும். எறிந்து பழகிய கை, எறியத்தகாதவற்றையும் எறியத் தயங்காது.

மனிதர்க்கும் உரியது

பொறியைப் பற்றிச் சொன்னவை யாவும் மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளல் ஆகாது. மனிதர் பிறருடைய பயணத்துக்கான கருவி அல்லர். பொறியின் ஆற்றலை அளக்க மானி போதும். மனிதரின் ஆற்றலை அறிய அவரையே கேட்க வேண்டும். பொறிக்கு வாயில்லை என்றோம். மனிதர்க்கோ வாயுண்டு, ஆயினும் கேட்பவர் இன்மையால் பலர் வாயில்லாதவர்போல் சுமக்கின்றனர். இல்லத்தில் முதிய தாய் அவ்வாறு சுமக்கிறாள். பள்ளியில் ஆண்டுதோறும் புதிய கடமைகளைப் பெறும் ஆசிரியர் அவ்வாறு சுமக்கிறார். பாடத்தோடு தனிவகுப்பும், தனிவகுப்போடு போட்டிகளும் ஏற்றப்பட்ட மாணவனும் அவ்வாறு சுமக்கிறான். ஒவ்வொன்றும் மயிற்பீலிதான், ஒவ்வொன்றும் நல்லதுதான். அச்சைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை.

அவர்கள் தளரும்போது நம் கண்முன் அதே மூன்று வழிகள் நிற்கின்றன. அவர்தம் சுமையைக் குறைக்கலாம். உழைப்பின் ஒரு பகுதி வீணே வெப்பமாகிப் போகாதபடி அமைப்பைத் திருத்தலாம். வேண்டிய பயிற்சியும் துணையும் தந்து ஆற்றலைப் பெருக்கலாம். நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறோம். "இன்னும் முயல்க" என்று சொல்கிறோம். அவர்கள் ஏற்கெனவே முழுச்சுமையோடு உழைக்கின்றனர் என்பதும், அவ்வுழைப்பின் பெரும்பகுதி எவருக்கும் பயன்படாமல் அவர்களுக்குள்ளேயே வெந்து தணிகிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஓய்வு கிடைக்காத கம்பிச்சுருள் கருகுவது இயற்கை விதி. ஓய்வு கிடைக்காத உள்ளம் கருகும்போது மட்டும் அதனை ஒழுக்கக்குறை என்கிறோம். இது நடுவுநிலைமை ஆகுமா?

பழையது என்பதால் ஒன்று போற்றத்தக்கதும் ஆகாது, எறியத்தக்கதும் ஆகாது. அதன் வலிமையை அளந்து, நம் தேவையை அதனினும் கண்டிப்பாக அளந்து, இரண்டற்கும் இடையிலுள்ள வழியைச் செம்மை செய்து, அதன்பின் வேண்டுமாயின் வலிமையைப் பெருக்கி, செய்ததைப் பின்வருவோர்க்கு எழுதி வைத்தல் வேண்டும். பட்டறையில் இதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயர். வாழ்க்கையில் இதற்குப் பொறுப்பு என்று பெயர்.